துணி டயபருக்கு மேல் எந்தக் கவர்? கம்பளி, பி.யு.எல்., ஃபிளீஸ்

துணி டயபர் கட்டும் வீடுகளில் உள்ளே வைக்கும் துணி பெரிய பிரச்சினை ஆவதில்லை. பழைய வேட்டித் துணியோ, துண்டு போலப் பூவிழை தூக்கிய டெர்ரியோ, பல மடிப்பாகத் தைத்த பிரீஃபோல்டோ, பருத்தி எதுவானாலும் உறிஞ்சிவிடும். உறிஞ்சிய ஈரம் பாயிலும், தூக்கி வைத்திருப்பவர் மடியிலும் இறங்காமல் காப்பதுதான் பாடு. அந்த வேலை மேலே போடும் கவருடையது. கிடைப்பவை மூன்று: பி.யு.எல்., ஃபிளீஸ், கம்பளி. கவரே போடாமல் வெறும் முக்கோணத் துணியோடு விடுவது நான்காவது வழி. நம் ஊரில் காலங்காலமாக நடப்பது அதுதான் என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. பகலுக்கா இரவுக்கா, குழந்தை படுப்பது மெத்தையிலா தூளியிலா, கவரைத் துவைக்கப்போவது யார் என்று கேட்டால் பதில் தானாக வந்துவிடும். இவற்றில் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. கம்பளிக் கவர் வாங்கி ஏமாந்த வீடுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் சறுக்கியிருப்பார்கள்.

பி.யு.எல்.

பாலியெஸ்டர் துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரித்தேன் என்ற மெல்லிய படலத்தை ஒட்டிச் செய்வது பி.யு.எல். இந்தியாவில் துணி டயபர் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெளித்துணி இதுதான். ஒரு காலத்தில் கடைகளில் தொங்கிய மொடமொட பிளாஸ்டிக் ஜட்டிக்கு இது தம்பி. வேலை அதேதான், மென்மை கூடியிருக்கிறது, டிச் பட்டன் வைத்து அளவைக் கூட்டிக் குறைக்கலாம்.

நீர் இதைத் தாண்டாது. குழந்தை அதன்மேல் உட்கார்ந்தாலும், கார் இருக்கையில் பெல்ட் இறுக்கினாலும், இடுப்பில் வைத்து அழுத்தினாலும் தாண்டாது. டயபர்களோடு சேர்த்து மெஷினில் போடலாம். 40 டிகிரி எல்லாமே தாங்கும், 60 டிகிரி தாங்குபவையும் உண்டு, லேபிளில் போட்டிருக்கும். வெயில் நாளில் இரண்டு மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். மலம் படாத கவரின் உள்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த டயபருக்கும் அதையே போடலாம்.

நீர் தாண்டாத துணியில் ஆவியும் எளிதில் தாண்டாது என்பதுதான் குறை. உள்ளே புழுங்கும். நனைந்த பருத்தியும் உடல் சூடும் மூன்று மணி நேரம் சேர்ந்திருந்தால் தொடை மடிப்பில் சிவப்பு தட்ட ஆரம்பிக்கும். கவரை எவ்வளவு நல்லதாக வாங்கினாலும் இது மாறாது. டயபரை அடிக்கடி மாற்றுவது ஒன்றே வழி, இரவில் அது நடக்கிற காரியமில்லை.

பி.யு.எல். ஒழுகுகிறது என்று சொல்பவர்கள் முதலில் தொடைப் பக்கம் எலாஸ்டிக்கைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பருத்தி நூலளவு வெளியே எட்டிப் பார்த்தாலும் போதும், திரி எண்ணெயை இழுப்பது போல ஈரத்தை வெளியே இழுத்துவிடும். படலமே பழுதாவது வேறு விதம். மழைக்கோட்டின் உள்பக்கம் பழசானதும் உரிந்து கொப்புளிக்குமே, அதேபோலத் தெரியும். காரணம் பெரும்பாலும் சூடுதான்: டிரையரில் அதிகச் சூடு, ஹீட்டர் மேல் உலர்த்துவது, உச்சி வெயிலில் நாள் முழுக்கக் கொடியில் விட்டுவிடுவது. உரிந்ததை ஒட்டவைக்க முடியாது.

ஃபிளீஸ்

ஃபிளீஸ் என்பது பாலியெஸ்டர் இழையைப் பஞ்சு போலத் தூக்கிவிட்ட துணி. நீரை உறிஞ்சாது, காற்றை விடும், மெஷினில் போடலாம், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. பகலில், வீட்டுக்குள், இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றுவதென்றால் போதுமானது. அழுத்தினால் ஈரம் வெளியே வந்துவிடும். டயபர் கிரீமோ தேங்காய் எண்ணெயோ ஒட்டினால் லேசில் போகாது. கம்பளி உறுத்துகிற குழந்தைக்கும், கம்பளியைப் பராமரிக்க நேரமில்லாத வீட்டுக்கும் நடுவழி என்று இதைக் கொள்ளலாம். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

கம்பளி எப்படித் தாங்குகிறது

ஆட்டு மயிர் இழையின் வெளித்தோல் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும். அந்தத் தோல் நீர்த்துளியைத் தள்ளும். உள்ளே இருக்கும் புரதமோ நீராவியை இழுத்துக்கொள்ளும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்த பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. துளியைத் தள்ளி ஆவியை இழுக்கும் இந்த இரட்டைக் குணம்தான் முழு விஷயமும். உள்ளே டயபர் நனைந்ததும் உடல் சூட்டில் கிளம்பும் ஆவியைக் கம்பளி வாங்கி வெளிக்காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. கவரின் எடை 70 கிராம் என்றால் அது பிடிக்கக்கூடிய ஆவி 20 கிராமுக்குச் சற்று மேல். ஒரு தடவை குழந்தை போகும் சிறுநீரைக்கூட அது தனியாகக் கொள்ளாது. ஆகவே “கம்பளி எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும்” என்பதை நம்பி உள்ளே மெல்லிய துணி வைத்தால் படுக்கை நனையும். உறிஞ்சுவது பருத்தியின் வேலை. இரவுக்கு இரட்டை டெர்ரியோ, பிரீஃபோல்டும் அதற்குள் இன்னொரு மடிப்புத் துணியுமோ வேண்டும். கம்பளி செய்வதெல்லாம் அந்தப் பருத்தி நிரம்பும்வரை வெளியே கசியவிடாமல் பிடிப்பதும், உள்ளே புழுங்காமல் பார்ப்பதும்தான்.

ஆட்டின் உடம்பில் இருக்கும்போது கம்பளியில் லானோலின் என்ற மெழுகு இருக்கும். மழையில் ஆடு தெப்பலாகாமல் இருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஆலையில் கம்பளியை அலசும்போது அந்த மெழுகின் பெரும்பகுதி போய்விடுகிறது. அதைத்தான் நாம் திரும்ப ஏற்றுகிறோம். லானோலின் ஏற்றாத கம்பளிக் கவர் வெறும் ஸ்வெட்டர்தான்.

அழுத்தம் கம்பளிக்கு ஆகாது. நனைந்த டயபர்மேல் கவர் அழுந்தினால் ஈரம் வெளிப்பக்கம் வந்துவிடும். குழந்தையைக் கட்டிச் சுமக்கும் துணி, கார் இருக்கை, கவர் மேலேயே இறுக்கமாகப் போட்ட பருத்தி ஜட்டி அல்லது பாடிசூட் எல்லாமே இதில் சேரும். கடைசியில் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. பருத்தி உடை கம்பளியை ஒட்டி இறுக்கினால் கம்பளி பிடித்திருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். பழி கவர் மேல் விழும். கம்பளிக்கு மேல் ஒன்றும் போடாமலோ, தொளதொளவென்று ஒன்றைப் போட்டோ விட வேண்டும்.

தூளியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. சேலைத் தூளியில் குழந்தையின் பின்பக்கம் முழுதும் துணியோடு அழுந்தியே இருக்கும். கம்பளிக் கவரோடு தூளியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் சேலையில் ஈரம் படரும். தூளி உறக்கத்துக்கு ஒன்று பி.யு.எல்., இல்லையென்றால் கவரே இல்லாமல் அடியில் மடித்த துணி.

எந்தக் கம்பளி

வடிவத்தில் இரண்டு வகை. பட்டனோ வெல்க்ரோவோ வைத்துச் சுற்றிக் கட்டுவது ஒன்று. ஜட்டி போல மேலே இழுத்துப் போடும் பின்னல் கவர் மற்றொன்று. ஜெர்மனியின் டிசானா நிறுவனம் மெரினோ என்ற மென்மையான கம்பளியில் தயாரிக்கும் பின்னல் கவர் இந்த இரண்டாம் வகைக்குப் பழகிய உதாரணம். உள்ளே துணியைத் தனியாகக் கட்டி அதன்மேல் இழுத்துவிடுவார்கள். சுற்றிக் கட்டுவது பகலில் கைக்கு எளிது. இழுத்துப் போடுவதில் இடுப்புப் பட்டை உயரமாக இருப்பதால் இரவுக்கு நல்லது. ஆனால் மலம் போன டயபரைக் கழற்றும்போது கால் வழியாக இழுக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் கால் முழுக்க ஆகிவிடும். கால் முழுதும் மூடும் கம்பளிக் கால்சட்டையும் உண்டு. குளிர்நாட்டில் அதுவே கவரும் பேண்ட்டுமாகிவிடும்.

அளவு கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். கம்பளி ஈர்த்துப் பிடித்தாலே அழுத்தம்தான். உள்ளே இரவுக்கான பருமனான டயபரை வைத்தே அளவு பார்க்க வேண்டும், வெறும் இடுப்பில் பார்க்கக் கூடாது.

சூப்பர்வாஷ் என்று குறித்த நூலைத் தவிர்க்கவும். மெஷினில் சுருங்காமலிருக்க அதன் செதில்களை வேதிமுறையில் மழுக்கியோ பூச்சிட்டு மூடியோ விடுகிறார்கள். லானோலின் அதில் சரியாகப் பிடிக்காது, நனைந்தால் தொய்ந்தும் போகும்.

தமிழ்நாட்டில் வாங்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. கடையில் “உல்லன்” என்று கேட்டால் எடுத்துத் தரும் நூலும் குழந்தை ஸ்வெட்டரும் பெரும்பாலும் அக்ரிலிக். சந்தேகமிருந்தால் நாலு இழையைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பார்க்கலாம். கம்பளி மெதுவாகக் கருகும், முடி பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரிந்து கடினமான கறுப்பு மணியாக இறுகும். அக்ரிலிக் கவருக்கு எவ்வளவு லானோலின் போட்டாலும் பிரயோசனமில்லை.

நம் மேச்சேரி, வேம்பூர் ஆடுகளுக்குக் கம்பளி கிடையாது, குட்டை மயிர்தான். கோவைக் குறும்பை, திருச்சிக் கருங்குறும்பை ஆடுகள் தரும் கம்பளி முரடு. அதில் நெய்த கறுப்புக் கம்பளி மழைக்கும் பனிக்கும் அருமையாகத் தாங்கும், ஆனால் குழந்தைத் தோலில் பட விடக் கூடாது. நீலகிரி ஆட்டுக்குத்தான் உடை தைக்கிற மென்மை உண்டு. கவருக்கு வேண்டியது இழையின் தடிமன் 20 மைக்ரானை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டிய மெரினோ ரகம். 30 மைக்ரானுக்கு மேல் போனால் குத்தும்.

செலவைக் குறைக்கும் வழி பழைய மெரினோ ஸ்வெட்டர். லேபிளில் 100 சதவீதம் கம்பளி என்றிருந்தால் நல்லது; 80க்குக் கீழே போனால் எடுக்காதீர்கள். அதை வேண்டுமென்றே சுடுநீரில் மெஷினில் ஓட்டினால் சுருங்கி, பின்னல் கண் தெரியாமல் மெத்தையாக இறுகும். அந்தத் துணியை வெட்டினால் நூல் பிரியாது. உடல் பாகத்தில் கவரை வெட்டி, கீழ் ஓரத்தில் இழுபடும் ரிப் பின்னலை இடுப்புப் பட்டையாகவும் கை நுனி ரிப்பைத் தொடைப் பட்டையாகவும் தைத்துக்கொள்ளலாம். தையல் பாலியெஸ்டர் நூலில் இருக்கட்டும். பருத்தி நூல் தையல் ஓட்டை வழியே ஈரத்தை வெளியே இழுத்து வரும்.

எப்போது துவைப்பது, எதில் துவைப்பது

கம்பளிக் கவரைத் தினமும் துவைக்கக் கூடாது. காலையில் கழற்றியதும் கொக்கியில் காற்றோட்டமாக மாட்டிவிட்டால் அடுத்த இரவுக்குள் உலர்ந்து, வாடையும் போயிருக்கும். முழுதும் உலர்ந்த பிறகும் சிறுநீர் வாடை அடித்தால், மலம் பட்டால், அல்லது ஓரங்களில் ஈரம் தெரிய ஆரம்பித்தால் துவைக்கலாம். இரவுக்கு மட்டும் போடுகிற கவருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை இது வரும். ஈரமாக இருக்கும்போது வரும் ஆட்டு வாடை கம்பளியின் சுபாவம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மலம் பட்டால் முழுக் கவரையும் ஊறவைக்கத் தேவையில்லை. பட்ட இடத்தை உடனே குளிர்ந்த நீரில் அலசி, ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு விரலால் மெல்லத் தட்டி எடுத்தால் போதும். தேய்த்தால் அந்த இடம் மட்டும் கட்டிதட்டிப்போகும்.

முழுத் துவையலுக்குத் தண்ணீர் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் குழாய்த் தண்ணீர்தானே என்று அசட்டையாக இருந்துவிட முடியாது. சித்திரை வைகாசியில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கை சுடும். அந்தச் சூட்டில் கசக்கினால் கம்பளி சுருங்கும். விடியற்காலையில் பிடித்த தண்ணீரில் துவையுங்கள். துவைக்கும் நீரும் அலசும் நீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும். சூடு, குலுக்கல், திடீர் மாற்றம் இவை சேரும்போதுதான் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்பி வராமல் இறுகுகின்றன.

பார் சோப்பும் சாதாரண வாஷிங் பவுடரும் வேண்டாம். காரம் கம்பளியைச் சொரசொரப்பாக்கும். பவுடரில் கறை எடுக்கச் சேர்க்கும் புரதம் கரைக்கும் நொதி கம்பளியையும் புரதமாகத்தான் பார்க்கும். பிளீச் பட்டால் இழையே கரையும். கம்பளிக்கென்று விற்கும் ஈஸி மாதிரியான திரவமோ, குழந்தை ஷாம்பூவோ ஒரு தேக்கரண்டி, 4 லிட்டர் தண்ணீருக்குப் போதும். பூந்திக்கொட்டை இதற்கு மிகப் பொருத்தம். கொட்டை நீக்கிய தோல் ஏழெட்டை அரை லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டினால் பட்டுச் சேலைக்கும் கம்பளிக்கும் ஆகும் நுரைநீர் தயார். வெள்ளைக் கவராக இருந்தால் லேசாகப் பழுப்பு ஏறலாம்.

கவரை உள்வெளியாகத் திருப்பி நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பஞ்சை அமுக்குவது போல அமுக்கி விட வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது, கல்லில் அடிப்பது அறவே கூடாது. இரண்டு தண்ணீரில் அலசி, காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி மிதித்தால் பாதி ஈரம் போய்விடும். பிறகு நிழலில், தட்டையாகப் பரப்பி உலர்த்தவும். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் நீரின் எடையில் நீண்டு, குழந்தைக்குப் போட வேண்டியது அப்பாவுக்குப் போடலாம் என்றாகும்.

லானோலின் ஏற்றுவது

புதுக் கவருக்கு முதல் தடவை ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம் லானோலின் வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் அதில் பாதி. மருந்துக் கடையில் பால் கொடுக்கும் தாய்மாருக்கென்று விற்கும் காம்புக் கிரீம்களில், சேர்மானத்தில் லானோலின் ஒன்று மட்டுமே இருப்பதை எடுக்கலாம். சோப்பு செய்யும் பொருள் விற்கும் இடங்களில் நீரற்ற லானோலின் டப்பாவாகக் கிடைத்தால் அது மலிவு. ஒரு சிலருக்கு லானோலின் ஒவ்வாது. முதலில் குழந்தையின் முன்கையில் மிளகளவு தடவி ஒரு நாள் பார்த்துவிடுங்கள்.

லானோலின் 40 டிகிரியை ஒட்டி உருகும், ஆனால் தண்ணீரில் கரையாது. அதைத் தண்ணீரோடு சேர்த்து வைக்க ஷாம்பூ வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் 200 மில்லி கொதிநீர் விட்டு, லானோலினையும் அரைத் தேக்கரண்டி குழந்தை ஷாம்பூவையும் போட்டு, முள்கரண்டியால் பால் நிறம் வரும்வரை அடிக்க வேண்டும். மேலே மஞ்சள் எண்ணெய்த் துளி ஒன்றுகூட மிதக்கக் கூடாது. மிதந்தால் இன்னும் நாலு சொட்டு ஷாம்பூ விட்டு அடிக்கவும். இந்தப் பாலை ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கலந்து, மணிக்கட்டில் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியதும், ஏற்கனவே நனைத்து வைத்த கவரை உள்வெளியாகத் திருப்பி அமிழ்த்தவும். காய்ந்த கவரை நேராகப் போட்டால் மெழுகு பட்ட இடத்திலேயே திட்டாகப் பிடித்துக்கொள்ளும். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் அமுக்கி எடுத்து, அலசாமல், துண்டில் சுருட்டி உலர்த்த வேண்டும். டம்ளரும் கரண்டியும் பிசுபிசுப்பாகிவிடும் என்பதால் இதற்கென்று பழசு ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

உப்புத் தண்ணீர் ஊரில் இந்தப் பால் திரிந்துபோகும். சோப்பு போட்டுக் கலக்கியிருந்தால் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளை அழுக்காகக் கவரில் ஒட்டும். அதனால்தான் சோப்பைச் சொல்லாமல் ஷாம்பூவைச் சொன்னது. கலக்கும் டம்ளர் நீரையும் ஊறவைக்கும் ஒன்றரை லிட்டரையும் மட்டும் ஆர்.ஓ. நீராகவோ பிடித்துவைத்த மழைநீராகவோ எடுத்துக்கொண்டால் போதும். லண்டன் குழாய்த் தண்ணீரும் சென்னை ஆழ்துளைத் தண்ணீரும் இந்த விஷயத்தில் ஒரே ரகம்.

புதுக் கவருக்கு ஒரு தடவை ஏற்றினால் போதாது. உலர்த்தி, மறுபடி ஏற்றி, இரண்டு மூன்று சுற்று ஆன பிறகுதான் நம்பிப் படுக்கையில் விடலாம். உலர்ந்த கவர்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பது போல ஒரு நிமிடம் உருண்டு நின்றால் சரி. உடனே இறங்கினால் இன்னொரு சுற்று. தொட்டால் கை பிசுபிசுத்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள். ஒரு தடவை ஷாம்பூ நீரில் துவைத்தால் மிச்சம் போய்விடும்.

கெட்டுப்போகும் விதங்கள்

கவர் ஒழுகினால் உடனே லானோலின் டப்பாவைத் தேட வேண்டாம். முதலில் உள்ளே இருக்கும் பருத்தி முழுக்க நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க நனைந்திருந்தால் உறிஞ்சும் துணி போதவில்லை. ஒரு பக்கம் காய்ந்தே இருந்தால் துணி மடிப்பு தவறு. ஆண் குழந்தைக்கு முன்புறமும், குப்புறப் படுக்கும் குழந்தைக்கு வயிற்றுப் பக்கமும் கனமாக மடிக்க வேண்டும். பருத்தியின் மேல் நீர் உருண்டால் ஃபேப்ரிக் கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ அதில் படிந்திருக்கிறது. இவை எதுவும் இல்லாமல் கவரின் வெளிப்பக்கம் பரவலாக நனைந்தால் மட்டுமே லானோலின் குறைவு.

சுருங்கி இறுகிய கவரைப் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது. லேசாகச் சுருங்கியதை மட்டும் வெதுவெதுப்பான ஷாம்பூ நீரில் அரை மணி ஊறவைத்து, ஈரத்தோடு மெல்ல இழுத்துப் பரப்பி உலர்த்தினால் ஒரு விரல் அளவுக்கு மீளும்.

சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தால் அந்துப்பூச்சி. அழுக்கும் வாடையும் உள்ள கம்பளியைத்தான் அது முதலில் தேடி வரும். அடுத்த குழந்தைக்கென்று எடுத்துவைப்பதானால் துவைத்து, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு வையுங்கள். சந்தேகமிருந்தால் அந்தப் பையையே இரண்டு வாரம் ஃபிரீசரில் வைத்து எடுக்கலாம். பீரோவில் போடும் அந்துருண்டை, பாச்சை உருண்டை மட்டும் கூடவே கூடாது. அதிலுள்ள நாப்தலீன் துணியில் ஏறி, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும். இந்தக் குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஊருக்கும் வேளைக்கும் தக்கபடி

சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் போன்ற வெப்ப ஊர்களில் பகலில் கவரே வேண்டாம் என்று பாட்டிமார் சொல்வதில் பிழையில்லை. மருந்துக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் ரப்பர் ஷீட்டின் மேல் துணி விரித்து, குழந்தைக்கு முக்கோணத் துணி மட்டும் கட்டி, நனைந்ததும் மாற்றினால் தோலுக்கு அதைவிட நல்லது எதுவுமில்லை. வெளியே கிளம்பும்போது பி.யு.எல்.

வெயில் ஊரில் கம்பளியா என்று சிரிக்க வேண்டியதில்லை. மெல்லிய மெரினோ கவருக்குள் பி.யு.எல். அளவுக்குப் புழுங்காது. ஏசி அறையில் இரவு முழுக்கத் தூங்கும், அடிக்கடி மாற்ற எழுப்ப முடியாத குழந்தைக்கு அது பொருந்தும். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் துவைத்த கம்பளிக் கவர் காய இரண்டு நாள், மூன்று நாள்கூட ஆகும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது மாட்டிவைத்த கவரும் ஒரு பகலில் உலராது. அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் பூஞ்சைப் புள்ளி விழும். மழைக்காலம் முழுக்க பி.யு.எல்.லுக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம்.

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா குளிரிலும், டொராண்டோ, ஆஸ்லோ போன்ற ஊர்களின் பனியிலும் கணக்கு தலைகீழ். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று உலர்ந்திருப்பதால் கழற்றி மாட்டிய கவர் மாலைக்குள் தயாராகிவிடும். பி.யு.எல். போட்ட குழந்தையின் பின்பக்கம் இரவில் ஈரமும் சில்லிப்புமாக இருக்கும். கம்பளிக்குள் அப்படி இராது. ஹீட்டர் மேலேயே போட்டு உலர்த்தும் ஆசையை மட்டும் அடக்க வேண்டும்: கம்பளி விறைக்கும், பி.யு.எல். உரியும்.

வயதும் ஒரு கணக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் முதல் சில மாதங்களில் மலம் நீர்த்தே போகும், கவரில் படாத நாளே இராது. அப்போது கம்பளி வைத்திருந்தால் நாள் முழுக்க அலசலும் லானோலினுமாகத்தான் போகும். சோறு ஊட்ட ஆரம்பித்து மலம் கெட்டியான பிறகு, ஆறு ஏழு மாதத்துக்கு மேல், கம்பளி லாபகரம். அந்த வயதில்தான் இரவுத் தூக்கமும் நீளும்.

இனி, துவைப்பது யார் என்ற கேள்வி. துவையல் தாய் தகப்பன் கையிலேயே இருந்தால் கம்பளி வாங்கலாம். வேலைக்கு வரும் அக்காவோ, ஊரிலிருந்து பேறுகாலத்துக்கு வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ துவைக்கிறார்கள் என்றால், அவர்கள்மேல் தப்பே இல்லாமல் ஒரு நாள் கவர் டயபர்களோடு சுடுநீரில் போய், பொம்மைக்குப் போடும் அளவில் திரும்பி வரும். பகல் காப்பகத்திலும் இதே கதைதான், அங்கே எப்போதும் பி.யு.எல். கம்பளியை வைத்திருக்கும் வீடுகள் அழுக்குக் கூடையிலேயே அதைப் போடாமல், குளியலறைக் கதவுக்குப் பின்னால் தனிக் கொக்கியில் மாட்டுவது இதற்காகத்தான். கூடைக்குள் போகாத கவர் மெஷினுக்குள் போகாது.

எண்ணிக்கையில், உள்ளே வைக்கும் துணி 20 முதல் 24, பி.யு.எல். கவர் 5 அல்லது 6 இருந்தால் ஒரு குழந்தைக்கு நிற்கும். இரவுக்கு மட்டும் கம்பளி என்றால் 2 கவர்: ஒன்று போட, ஒன்று காய. ஒரு கம்பளிக் கவரின் விலைக்கு இரண்டு மூன்று பி.யு.எல். வாங்கிவிடலாம் என்பதால் முதலிலேயே ஜோடியாக வாங்க வேண்டாம். ஒன்றே ஒன்று வாங்கி, மூன்று சுற்று லானோலின் ஏற்றி, இரண்டு வாரம் இரவில் போட்டுப் பாருங்கள். காலையில் படுக்கை காய்ந்திருந்து, அந்த ஒன்றைத் துவைக்கும் வேலையும் உங்களுக்கு அலுக்கவில்லை என்றால் இரண்டாவதை வாங்கலாம். அதுவரை மாற்றுக் கவராகப் பி.யு.எல். இருக்கிறது.